உண்ணிக்கடியும் உறங்கும் வைரஸும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உண்ணிக்கடியால் வரும் வைரஸ் காய்ச்சல்கள் குறித்த தங்கள் கட்டுரையில், நோயாளியின் உடலில் முன்பே பதுங்கியிருக்கும் வைரஸ்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது குறையாகப் பட்டது. (நம்மூரில் 'உண்ணிக் காய்ச்சல்' எனப்படும் ஸ்க்ரப் டைபஸ் பாக்டீரியாவால் வருவது; அது வேறு.)

சீனாவின் ஹெனான், ஹூபெய் பகுதிக் கிராமங்களில் 2009இல் கவனத்துக்கு வந்து, பின்னர் ஜப்பானிலும் தென்கொரியாவிலும் கண்டறியப்பட்ட எஸ்.எஃப்.டி.எஸ். என்னும், உண்ணிக்கடியால் பரவும் வைரஸ் நோய், வயலிலும் தேயிலைத் தோட்டத்திலும் உழைக்கும் முதியவர்களையே அதிகம் தாக்குகிறது. காய்ச்சலோடு இரத்தத் தட்டணுக்களும் வெள்ளணுக்களும் சரிகின்றன. நம்மில் பெரும்பாலோர் இளமையிலேயே பெற்று, பி அணுக்கள் எனப்படும் ஒரு வகை வெள்ளணுக்களுக்குள் ஆயுள் முழுதும் சுமக்கும் எப்ஸ்டீன்-பார் வைரஸ், அதை அடக்கிவைக்கும் எதிர்ப்பு அணுக்களான டி அணுக்களின் காவல் தளரும் அந்த நாள்களில் மீண்டும் பெருகுவதைச் சீன மருத்துவர்கள் இந்நோயாளிகளின் இரத்தத்தில் கண்டிருக்கிறார்கள். இந்த மறுபெருக்கம் நோயைக் கடுமையாக்குகிறதா, கடுமையின் அடையாளம் மட்டும்தானா எனப் பிரித்தறிவது எளிதன்று.

பழைய தொற்றைக் காட்டும் ஆன்டிபாடி சோதனை இங்கே உதவாது; பெரியவர்களில் ஏறக்குறைய எல்லாருக்கும் அது பாசிட்டிவ் என்றே வரும். பி.சி.ஆர். மூலம் வைரஸின் டி.என்.ஏ. அளவை அடுத்தடுத்த நாள்களில் அளந்து பார்ப்பதே பயன் தரும். நோய் எதிர்ப்பை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தைக் கொடுக்குமுன்பாவது இதைச் செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

இப்படிக்கு,
ஆய்வக நுட்பர் ஒருவர்,
கோயம்புத்தூர்