வான்ஸ்டெட் மாளிகையின் கதையில் மதராஸும் இருக்கிறது

சிட்டி ஆஃப் லண்டன் கார்ப்பரேஷனில் வான்ஸ்டெட் பூங்காவைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். 1882 முதல் பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் இந்தப் பூங்கா உங்கள் பொறுப்பில் இருக்கிறது. கிழக்கு லண்டனின் ஈஸ்ட் ஹாம், இல்ஃபோர்ட் பக்கத்துத் தமிழர்கள் பிள்ளைகளோடு நடக்க வரும் இடம். இங்கே ஒரு மாளிகை இருந்ததே வருகிற பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் அது யார் சம்பாத்தியத்தில் எழும்பியது என்று யோசிப்பதில்லை.

1715 வாக்கில் ரிச்சர்ட் சைல்டு என்ற செல்வந்தருக்காகக் கட்டடக்கலைஞர் காலன் காம்ப்பெல் வரைந்த வீடு அது. போர்ட்லண்ட் கல், சுமார் 260 அடி நீள முகப்பு, நடுவில் உச்சியில் இலை வேலைப்பாடுள்ள ஆறு கொரிந்தியத் தூண்களும் அவற்றின் மேல் முக்கோண முகடும். ரோமானியக் கோயில் வாசலைக் கொண்டுவந்து குடியிருக்கும் வீட்டின் முன் நிறுத்துவது அன்றைய இங்கிலாந்தில் புதுசு. பின்னால் வந்த வென்ட்வொர்த் வுட்ஹவுஸ் மாளிகை இதைப் பார்த்துத்தான் எழுந்தது. உள் அலங்காரம் வில்லியம் கென்ட். ஜார்ஜ் மன்னர்கள் காலத்து ஜார்ஜியக் கட்டடங்களில் எனக்குப் பிடித்தது அவற்றின் அலட்டாத அளவுதான். 260 அடி வீட்டை அலட்டாதது என்பது கொஞ்சம் ஓவர், ஆனாலும் வரைபடத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது.

சரி, பணம்? 1673இல் இந்த எஸ்டேட்டை வாங்கியவர் ரிச்சர்டின் அப்பா ஜோசையா சைல்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னராக இருந்தவர். மதராஸுக்கு ஒரு மாநகராட்சி வேண்டும் என்று முனைந்து நின்றவரும் அவரே. 1688இல் அது தொடங்கியது. லண்டனிலேயே இருந்துகொண்டு நம் ஊரை ஆட்டிவைத்த மனிதரின் செல்வம், மகன் காலத்தில் கல்லாக நின்றது.

நூறு வருஷத்துக்கு மேல் பெரிதாகத் தாங்கவில்லை. அந்தச் சொத்துக்கு வாரிசான கேத்தரின் டில்னி-லாங், 1812இல் தளபதி வெலிங்டன் பிரபுவின் அண்ணன் மகன் வில்லியமைக் கல்யாணம் செய்தார். வில்லியம் ஊதாரி. பத்தே வருஷத்தில் கடன் கழுத்தை நெரித்தது. 1822இல் வீட்டுச் சாமான்களை 32 நாள் ஏலம் விட்டார்கள். வீட்டை வீடாக வாங்க ஆள் வரவில்லை. கல்லும் மரமுமாக 10,000 பவுண்டுக்குப் போயிற்று. பெயர்த்து எடுத்துப் போனார்கள். கேத்தரின் 1825இல் இறந்தார், வயது 35. வீடு நின்ற இடம் இன்று கோல்ஃப் மைதானத்துக்குள்.

உங்கள் கையில் மிஞ்சியவை டெம்பிள் என்ற பழைய தோட்டக் கட்டடமும், 1884இல் எரிந்துபோன கிராட்டோ என்ற செயற்கைக் குகைக் கட்டடத்தின் முகப்பும், கோடையில் நீர் தங்காத ஏரிகளும். இந்தப் பூங்கா 2009இலேயே ஆபத்திலுள்ள மரபுச் சின்னங்களின் பட்டியலில் ஏறிவிட்டது. ஏரிகளுக்குத் தண்ணீரும் கிராட்டோவுக்குப் பராமரிப்பும் முதலில் கொடுங்கள். வீடு போன பிறகு, மாளிகையைச் சுற்றிப் போட்ட அந்தப் பெரிய தோட்டத் திட்டத்தைக் கண்ணால் காட்ட இவைதான் இருக்கின்றன.

அப்புறம், இனி பூங்காவில் தகவல் பலகை எதை வைத்தாலும், வில்லியமின் ஊதாரித்தனத்தோடு நிறுத்தாமல் ஜோசையாவின் மதராஸையும் அதே அளவு எழுத்தில் போடுங்கள். தமிழிலும் ஒரு பத்தி இருக்கட்டும். எழுதித் தர ஆள் தேடி நீங்கள் தூரம் போக வேண்டியதில்லை. பூங்காவைச் சுற்றியே குடியிருக்கிறோம்.

இப்படிக்கு,
இல்ஃபோர்ட் பக்கத்துத் தமிழர் ஒருவர்