பிரிக்காத கட்டுகள்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. எல்லோரும் நலம். அக்காவுக்கு மாற்றல் வந்திருக்கிறது, அதை அப்புறம் எழுதுகிறேன்.

இன்று உன் பெயருக்கு மூன்றாவது பாடக்கட்டு வந்தது. முன்பு வந்த இரண்டோடு மேஜைமேல் வைத்திருக்கிறேன், பிரிக்கவில்லை. அறை மாறிக்கொண்டே இருப்பதால் வீட்டு விலாசம் கொடுத்தாய், சரி. அனுப்பட்டுமா என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுகிறாய். போன மாதம் அந்த மெல்லிய உறையை உனக்கு அனுப்பிய பிறகுதான் இப்படி. நேரத்துக்குத் தூங்கு.

வேலையும் பார்த்துக்கொண்டு படிக்கச் சேர்ந்தாயே, அதுவே எனக்குப் பெருமை. தெரிந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாமோ என்று இப்போது படுகிறது. ஆனால் நீயும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

வகுப்பென்றால் மணி அடிக்கும், பக்கத்தில் இருப்பவன் எழுதுவதைப் பார்த்து நாமும் எழுதுவோம். தபால்வழிப் படிப்பில் விடைத்தாளை அனுப்பினால்தான் நாம் இருப்பதே அவர்களுக்குத் தெரியும். மண்டேலா சிறையிலிருந்தபடியே தபாலில் சட்டம் படித்தார். நடுவில் படிக்கும் அனுமதியையே பறித்தார்கள். பட்டம் 1989இல்தான் கிடைத்தது. நேரமாகிறதே என்று நினைக்காதே. தூக்கத்தையும் கெடுத்துக்கொள்ளாதே.

1840இல் ஐசக் பிட்மன் இங்கிலாந்தில் சுருக்கெழுத்தைத் தபாலிலேயே கற்றுக்கொடுத்தார். மாணவர்கள் எழுதி அனுப்புவார்கள், திருத்தித் திருப்பி அனுப்புவார். இது எனக்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்டதில்லை. கல்யாணத்துக்கு முன் நானும் தபாலில் சுருக்கெழுத்து படித்தேன். பணம் கட்டியது தாத்தா. அதில் மெல்லிய கோடு ஓர் எழுத்து, அதையே அழுத்திப் போட்டால் வேறு எழுத்து. நான் எல்லாவற்றையும் ஒரே அழுத்தத்தில் போட்டிருந்தேன். இரண்டாவது விடைத்தாள் பக்கமெல்லாம் சிவப்பு மையோடு திரும்பி வந்தது. முதல் பக்கம் பார்த்ததோடு மூடிவிட்டேன். பாடம் வருவது நின்றுவிட்டதென்று தாத்தாவிடம் சொன்னேன். அவர் அதை நம்பி மூன்று முறை தபால் ஆபீசுக்கு நடந்துபோய் விசாரித்தார். வந்த கட்டெல்லாம் என் பெட்டிக்குள் இருந்தது. கடைசிவரை அவரிடம் சொல்லவே இல்லை.

அவர் போன பிறகுதான் அந்த விடைத்தாளை முழுசாகப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில், "கை நன்றாக வருகிறது. அழுத்தத்தை மட்டும் கவனிக்கவும். அடுத்ததை அனுப்பவும்" என்று எழுதியிருந்தது.

உனக்கு வந்ததைக் கடைசிப் பக்கம்வரை பார்த்தாயா?

இப்போதிருக்கும் அறை விலாசத்தை எழுது, கட்டுகளை அனுப்பிவைக்கிறேன். வேண்டாமென்றால் வேண்டாமென்றே எழுது. அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அம்மா