பள்ளி திறப்பை முன்னிட்டுப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

2020 மார்ச்சில் மூடிய வகுப்பறைகள், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு வரும் 01.11.2021 அன்று திறக்கப்படவுள்ள நிலையில், பிள்ளைக்குக் கொரோனா வந்தால் என்ன ஆகும் என்று உங்களில் பலர் கேட்டு வருகிறீர்கள்.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு இந்நோய் காய்ச்சல், இருமல், தொண்டை வலி, சிலருக்கு வயிற்றுப்போக்கு என்ற அளவில் வந்து சில நாள்களில் தணிந்துவிடுகிறது. பலருக்கு அறிகுறியே தெரிவதில்லை. இதயக் கோளாறு, சர்க்கரை நோய், அடிக்கடி மூச்சிரைப்பு உள்ள பிள்ளைகளை மட்டும் மருத்துவரைக் கேட்டபின் அனுப்புங்கள்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறொன்று. தொற்று வந்துபோன இரண்டு முதல் ஆறு வாரங்களுக்குள், மிக அரிதாகச் சில பிள்ளைகளுக்கு உடலின் எதிர்ப்பாற்றலே கட்டுமீறி இதயம், குடல் முதலிய உறுப்புகளில் அழற்சியை உண்டாக்குகிறது. விடாத காய்ச்சலோடு கண் சிவப்பு, தோலில் தடிப்பு, கடும் வயிற்று வலி, வாந்தி ஆகியவற்றில் எதைக் கண்டாலும், மழைக்காலக் காய்ச்சல்தானே என்று மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் கொடுத்துக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். டெங்கு காலமும் இதுவே என்பதால் காத்திருப்பது இரட்டை ஆபத்து. வீட்டில் யாருக்கேனும் எப்போது கொரோனா வந்தது என்பதையும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

2021 அக்டோபர் நிலவரப்படி இந்த வயதுப் பிள்ளைகளுக்கு இன்னும் தடுப்பூசி போடப்படவில்லை. ஆகவே வீட்டிலுள்ள பெரியவர்கள் அனைவரும் இரண்டு தவணையும் போட்டுக்கொள்வதுதான் அவர்களுக்கான காப்பு. தாத்தா பாட்டியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். பிள்ளையிடமிருந்து தொற்றினால் அதிகம் துன்பப்படுபவர்கள் அவர்களே.

துணி முகக்கவசம் இரண்டு கொடுத்தனுப்புங்கள். ஒன்று மதியத்துக்குள் வியர்வையில் நனைந்துவிடும். பாடநூல் வாங்க வந்த அன்று, ஒருத்தி கவசத்தின் நிறம் மற்றவளுக்குப் பிடித்துப்போக, இரண்டு சிறுமிகள் தங்கள் கவசங்களை மாற்றிக் கட்டிக்கொண்டு நின்றதை நானே பார்த்தேன். எனவே ஓரத்தில் பெயரின் முதலெழுத்தைத் தைத்துவிடுங்கள். சானிடைசர் வேண்டாம், சிறு பிள்ளைகள் வாயில் வைத்துவிடுவார்கள். குழாயடியில் சோப்பு வைத்திருக்கிறோம். சாரல் அடித்தாலும் ஜன்னல்கள் திறந்தே இருக்கும் என்பதால், ஜன்னலோரப் பிள்ளைகளை நடுவே நகர்த்தி அமர்த்துவோம்.

காய்ச்சல் அடிக்கும் பிள்ளையை, மாத்திரை கொடுத்துச் சூடு தணித்து அனுப்ப வேண்டாம். வருகை கட்டாயமில்லை, வகுப்பாசிரியருக்கு ஒரு போன் செய்தால் போதும். விட்டுப்போன பாடத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
தலைமையாசிரியர்