விவாதம் முடிவதற்குள் நோயாளி வருவதை நிறுத்திவிடுகிறார்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க மருத்துவக் காப்பீட்டுச் சண்டை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எந்தக் கட்சி என்ன சொல்கிறது, எங்கே எத்தனை ஓட்டு இடிக்கிறது என்பதெல்லாம் தெளிவாக இருந்தது. ஆனால் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகுதான் ஏழைகளுக்கு என்ன பாதிப்பு என்று தெரியும் என்று கட்டுரை முடிகிறது. அதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. 2014 ஏப்ரலில் மிச்சிகன் மாநிலம், ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்டை இன்னும் பலருக்கு விரிவாக்கிய சமயத்தில் இங்கே ஒரு சமுதாய சுகாதார மையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். முன்மேசையில் உட்கார்ந்து காப்பீட்டு விண்ணப்பம் நிரப்பித் தருவது என் வேலை. வாஷிங்டனில் பேச்சு கிளம்பினாலே போதும், பாதிப்பு என் மேசைக்கு வந்துவிடும்.

இந்த மையங்களைத் தெரியாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. 1965-ல் பாஸ்டனின் கொலம்பியா பாயின்ட் குடியிருப்பில் ஜாக் கைகர், கவுன்ட் கிப்சன் என்ற இரண்டு மருத்துவர்கள் ஆரம்பித்தது இது. அடுத்து மிசிசிப்பி மாநிலத்தில் மவுண்ட் பயூ என்ற ஊரில். அங்கே வந்த குழந்தைகளுக்கு முதல் நோயே பசிதான் என்று கண்டு, மருந்துச் சீட்டில் பாலும் காய்கறியும் இறைச்சியும் எழுதிக் கொடுத்தார்கள். மருந்துப் பணத்தில் சாப்பாடா என்று அதிகாரிகள் கேட்டதற்கு, ஊட்டச்சத்துக் குறைவுக்கு என் பாடப்புத்தகத்தில் உள்ள மருந்து உணவுதான் என்றாராம் கைகர். இன்று நாடு முழுக்கச் சுமார் 1,400 அமைப்புகள், 3 கோடிக்கும் மேல் நோயாளிகள். கையில் காசில்லை என்று யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது, வருமானத்துக்குத் தக்கபடி கட்டணம், நிர்வாகக் குழுவில் பாதிக்கு மேல் அங்கேயே வைத்தியம் பார்த்துக்கொள்ளும் நோயாளிகள் இருக்க வேண்டும். இதெல்லாம் விதி.

எங்களிடம் தமிழ்ப் பெற்றோரும் வருகிறார்கள். கிரீன் கார்டு வாங்கி ஐந்து வருடம் ஆகாததால், முதியவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கேரில் சேர முடியாதவர்கள். "இலவச ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கோம்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்று என்னிடம் கிசுகிசுப்பார்கள். சரி, அது தனிக் கதை.

மையத்துக்குப் பணம் பெரும்பாலும் இரண்டு வழியில் வருகிறது. ஒன்று மெடிக்கெய்டு, இன்னொன்று மத்திய அரசின் மானியம். அந்த மானியத்தில் பெரும்பகுதி 2010 சுகாதாரச் சட்டம் உண்டாக்கிய ஒரு நிதியிலிருந்து வருவது. அந்த நிதிக்குக் காலாவதித் தேதி உண்டு! எங்களுக்கு எதிரிகள் என்று பெரிதாக யாரும் கிடையாது. குடியரசுக் கட்சி அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் எங்களைப் போன்ற மையங்களை விரிவாக்கினார், ஜனநாயகக் கட்சிப் பக்கம் நிற்கும் செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் 2010 நிதிக்காகப் போராடினார். இரண்டு கட்சிக்கும் செல்லப்பிள்ளைதான். ஆனாலும் வேறு எதற்கோ நடக்கிற சண்டையில் இந்தத் தேதி தாண்டிப்போகும். 2017 செப்டம்பர் 30-ல் நிதி காலாவதியானது. புதுப்பித்தது 2018 பிப்ரவரியில்.

அந்த நாலு மாதத்தில் யாருடைய காப்பீடும் போகவில்லை, மையமும் மூடவில்லை. கட்டுரையாளர் கணக்குப்படி பாதிப்பு பூஜ்யம். நான் பார்த்தது வேறு. ஒரு பல் மருத்துவர் நேர்காணலுக்கு வந்திருந்தார். எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. கிளம்பும்போது, "அடுத்த கோடையில் இந்த வேலை இருக்குமா?" என்று கேட்டார். எங்கள் நிர்வாகி பொய் சொல்லத் தெரியாதவர். படிப்புக் கடன் தலைக்கு மேல் இருக்கிற இளம் மருத்துவர்களுக்கு இப்படிப்பட்ட இடங்களில் வேலை பார்த்தால் அரசே கடனில் ஒரு பங்கை அடைக்கும் திட்டம் உண்டு. அதுவும் இதே தேதியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். வாங்கி வைத்த பல் நாற்காலி பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் ஒரு வருடம் கிடந்தது. பணம் வந்ததும் நாற்காலி இருந்தது, உட்கார வைத்துப் பார்க்க ஆள் இல்லை. 2023 செப்டம்பருக்குப் பிறகு மறுபடி அதே கதைதான். சில வாரம், சில மாதம் என்று தவணை முறையில் நீட்டிப்பு. மூன்று மாதப் பணத்தைக் காட்டி மூன்று வருட ஒப்பந்தத்துக்கு ஒரு மருத்துவரை எப்படிக் கூப்பிடுவது?

இது மையத்தின் பாடு. நோயாளியின் பாடு இன்னும் மோசம்.

மெடிக்கெய்டு வேண்டுமானால் மாதம் 80 மணி நேரம் வேலை பார்த்ததாகக் கணக்குக் காட்ட வேண்டும் என்று 2020 ஜனவரியில் மிச்சிகன் ஒரு விதி கொண்டுவந்தது. அதற்கு முன்பே வீடுகளுக்குக் கடிதம் போய்விட்டது. மார்ச்சில் நீதிபதி விதியை ரத்து செய்தார். யாருடைய மெடிக்கெய்டு கார்டும் பறிபோகவில்லை. எங்கள் நோயாளி ஒருவர், இரவில் அலுவலகங்களைக் கூட்டிப் பெருக்குகிறவர், சர்க்கரை நோய்க்கு மாதம் தவறாமல் வருகிறவர், அந்தக் கடிதத்தைப் பார்த்ததும் வருவதை நிறுத்திவிட்டார். கோடையில் திரும்பி வந்தபோது காலில் புண். ஏன் இத்தனை மாதம் வரவில்லை என்றேன். "கார்டுதான் போயிடுச்சே." போகவே இல்லை. இத்தனைக்கும் 80 மணி நேரத்துக்கு மேலேயே உழைத்துக்கொண்டிருந்தவர் அவர். காப்பீடே இல்லாவிட்டாலும் நாங்கள் பார்ப்போம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நானும்தான் சொல்லவில்லை. வரிசையில் நின்றவர்களுக்குப் பதில் சொல்லவே அப்போது நேரம் சரியாக இருந்தது.

ஆர்கன்சாவில் இதே விதி 2018-ல் நடைமுறைக்கே வந்தது. சில மாதங்களில் 18,000 பேருக்கு மேல் காப்பீட்டை இழந்தார்கள். விதிக்கு உட்பட்டவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே வேலையில் இருந்தவர்கள் அல்லது விலக்குப் பெறத் தகுதி உள்ளவர்கள். வேலைக்குப் போகிறவர்கள் எண்ணிக்கையும் கூடவில்லை என்று பிறகு ஆய்வு செய்தவர்கள் எழுதினார்கள். கணக்குக் கேட்பது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன், அரசுப் பணம்தானே. ஆனால் அந்தக் கணக்கை எழுதித் தரும் மேசையில் உட்கார்ந்து பார்த்தால், தோற்பவர் சோம்பேறி இல்லை. மாதம் மூன்று முதலாளியிடம் வேலை பார்த்துச் சம்பளச் சீட்டு கைக்கு வராதவர்தான் தோற்கிறார்.

2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம் இந்த 80 மணி நேர விதியை, மெடிக்கெய்டை விரிவாக்கிய மாநிலங்களுக்கெல்லாம் கொண்டுவருகிறது, 2027 ஜனவரிக்குள். வருடத்துக்கு ஒருமுறை இருந்த தகுதிச் சோதனை, அந்த விரிவாக்கத்தில் சேர்ந்தவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆகிறது. அந்தச் சட்டத்தால் 2034-ல் காப்பீடு இல்லாதவர்கள் ஒரு கோடி கூடுவார்கள் என்பது அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகத்தின் மதிப்பீடு. அது 2034 கணக்கு. பயந்துபோன நோயாளிகளிடமிருந்து எனக்குப் போன் வரத் தொடங்கியது சட்டம் கையெழுத்தாகும் முன்பே.

அதே ஜூலையில், ஆவணமில்லாமல் குடியேறியவர்களை இந்த மையங்களின் சேவையிலிருந்து விலக்கும்படி ஓர் அறிவிப்பும் வந்தது. பல மாநிலங்களில் நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. அறிவிப்பு எல்லோர் காதிலும் விழுந்தது, தடை விழவில்லை. தடுப்பூசிக்கு வர வேண்டிய குழந்தைகள் சில பேர் வரவில்லை. இங்கேயே பிறந்த குடிமக்கள் அவர்கள். பயம் அம்மாவுக்கு.

அதனால் ஒரு வேண்டுகோள். இதுபோன்ற கட்டுரை போடும்போது ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் போடுங்கள். எது வெறும் பேச்சு, எது சட்டமாகிவிட்டது, எது எந்தத் தேதியில் நடைமுறைக்கு வருகிறது, இன்று என்ன மாறவில்லை. நாலு வரி போதும். உங்கள் பத்திரிகையை இங்கே உள்ள பெரியவர்கள் வரி விடாமல் படிக்கிறார்கள், படித்ததை மற்றவர்களுக்குப் போனில் சொல்லவும் செய்கிறார்கள்.

அப்புறம் ஒரு திருத்தம். கட்டுரையின் மூன்றாம் பத்தியில், மெடிக்கெய்டு என்று வர வேண்டிய இடத்தில் மெடிக்கேர் என்று அச்சாகியிருக்கிறது. மெடிக்கேர் முக்கியமாக 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு. அதைப் படித்துவிட்டு இரண்டு பெரியவர்கள் என்னைக் கூப்பிட்டார்கள். அதில் ஒருவர் கண் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடச் சொல்லிவிட்டார். பேசிப் பழைய தேதியையே மறுபடி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த இதழில் திருத்தம் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மிச்சிகன்