குண்டே விழாமல் செத்த 173 பேர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டன் மேல் நடந்த குண்டுவீச்சைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 1940 செப்டம்பர் 7-ல் தொடங்கி அடுத்த மே மாதம் வரை நடந்தது, முதல் 57 இரவுகளில் ஒரே ஒரு இரவு தவிர மற்ற எல்லா இரவும் லண்டன் மேல் குண்டு விழுந்தது, அந்த எட்டு மாதத்தில் 40,000-க்கும் மேற்பட்ட பொதுமக்கள் செத்தார்கள் என்பதெல்லாம் சரியாகவே வந்திருந்தது. ஆனால் கடைசியில் லண்டன் மக்கள் கொஞ்சமும் அஞ்சவில்லை என்று முடித்திருந்தீர்களே, அதுதான் இரண்டு நாளாக மனதை உறுத்துகிறது. அஞ்சினார்கள் ஐயா. தலைக்கு மேல் விமானம் இரைகிறது, பக்கத்துத் தெரு எரிகிறது, பெற்ற பிள்ளைகளைக் கழுத்தில் பெயர் அட்டை மாட்டி முன்பின் தெரியாத ஊருக்கு ரயிலேற்றி அனுப்பியாகிவிட்டது. அஞ்சாமல் யார் இருப்பார்கள்?

பாதாள ரயில் நிலையங்களில் மக்கள் தூங்குகிற படத்தைப் போட்டிருந்தீர்கள். அந்த இடத்தை அரசாங்கம் முதலில் தரவில்லை, அங்கே தங்கக் கூடாது என்றுதான் சொன்னது. ஜனங்கள் ஆளுக்கொரு டிக்கெட் எடுத்துக்கொண்டு உள்ளே இறங்கினார்கள், மேலே ஏற மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள், அப்புறம்தான் அரசாங்கம் இறங்கி வந்தது. பயம்தான் அந்தக் கதவைத் திறக்க வைத்தது. அதைச் சொல்வதில் என்ன கேவலம் இருக்கிறது?

அந்தக் கட்டுரையில் பெத்னல் கிரீன் பெயரே இல்லை. கிழக்கு லண்டனில் ஏழை பாழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி. அங்கே பாதி கட்டி முடித்திருந்த பாதாள ரயில் நிலையத்தில் 5,000 அடுக்குக் கட்டில் போட்டு மக்களைத் தங்க வைத்தார்கள். 1943 மார்ச் 3, இரவு எட்டே கால் மணி வாக்கில் விமானத் தாக்குதல் எச்சரிக்கைச் சங்கு ஊதியது. இரண்டு நாளுக்கு முன்னால்தான் பிரிட்டிஷ் விமானங்கள் பெர்லினில் குண்டு போட்டிருந்தன, பதிலடி வரும் என்று ஊரே எதிர்பார்த்திருந்தது. நூற்றுக்கணக்கான பேர் ஒரே வாசலை நோக்கி ஓடி வந்தார்கள். 19 படிகள். மழையில் நனைந்த படிகள். வெளிச்சம் வெளியே தெரியக் கூடாது என்று ஒரே ஒரு மங்கல் பல்பு. நடுவில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி கிடையாது. அந்த நேரம் பார்த்து, பக்கத்துப் பூங்காவில் புதிதாக வைத்திருந்த விமான எதிர்ப்பு ராக்கெட்டுகள் வெடித்துக் கிளம்பின. அதுவரை யாரும் கேட்டிராத சத்தம். குண்டுதான் விழுகிறது என்று பின்னால் இருந்தவர்கள் முட்டித் தள்ள, கீழே குழந்தையோடு இறங்கிக்கொண்டிருந்த ஒரு பெண் தடுக்கி விழுந்ததாகச் சொல்கிறார்கள், அவர் மேல் இன்னொருவர், அவர் மேல் இன்னும் பலர். முன்னால் விழுந்தது பின்னால் வந்தவர்களுக்குத் தெரியவே தெரியாது. ஆனித் தேரோட்டத்தில் ரத வீதி முக்கில் நெரிசலில் மாட்டியவர்களுக்கு இது புரியும், நம் காலால் நாம் நடக்காத நிலை அது.

173 பேர் மூச்சுத் திணறிச் செத்தார்கள். அதில் 62 பேர் சின்னப் பிள்ளைகள். அன்றைக்கு அந்தப் பகுதியில் ஒரு குண்டுகூட விழவில்லை.

இதைவிட எனக்குப் பொறுக்காதது அடுத்து நடந்தது. அந்த வாசல் ஆபத்தானது, பலப்படுத்தப் பணம் தாருங்கள் என்று உள்ளூர் நிர்வாகம் 1941-லேயே எழுதிக் கேட்டிருக்கிறது, மேலிடம் மறுத்துவிட்டது. விபத்துக்குப் பிறகு ஊர் ஜனங்கள் நிர்வாகத்தைத் திட்டித் தீர்த்தார்கள், எதிரிக்குத் தெரியக் கூடாது என்று அரசாங்கம் விசாரணை அறிக்கையைப் பூட்டி வைத்துவிட்டதால் "நாங்கள் கேட்டோம், மேலிடம் தரவில்லை" என்று சொல்ல நிர்வாகத்துக்கு வாயில்லை. 1945 ஜனவரியில்தான் அறிக்கை வெளியே வந்தது. கைப்பிடியும் படி ஓரத்தில் வெள்ளைப் பட்டையும் மட்டும் அதற்கு முன்பே வந்துவிட்டன.

எங்கள் ஆச்சி 1942-ல் கொழும்பில் இருந்தவர். தாத்தாவுக்குப் புறக்கோட்டையில் கடை. ஏப்ரல் 5-ம் தேதி ஜப்பான் விமானங்கள் வந்து போட்டதும் நம்ம பக்கத்து ஆட்கள் குடும்பம் குடும்பமாக ஊருக்குக் கிளம்பினார்கள். ஆச்சியின் இடது கை மணிக்கட்டு கடைசிவரை கோணலாகவே இருந்தது. குண்டிலா ஆச்சி இப்படி ஆச்சு என்று சின்ன வயதில் கேட்டேன். "ஏல, குண்டு சத்தம் கேட்டதோட சரி. ரயிலேறப் போன கூட்டத்துலதான் கை ஒடிஞ்சுது" என்றார். இந்தியாவிலோ இலங்கையிலோ எந்தக் கணக்கிலும் அந்தக் கை வந்திருக்காது.

தொடர் இன்னும் இரண்டு வாரம் வரும் என்று போட்டிருக்கிறீர்கள். அதில் பெத்னல் கிரீனுக்கு ஒரு பத்தியாவது ஒதுக்குங்கள், அஞ்சவில்லை என்ற அந்த வரியையும் திருத்துங்கள்.

ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர்,
பாளையங்கோட்டை.