‘தண்ணி வேணுமா?’

தண்டையார்பேட்டை,
ஞாயிறு மதியம்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமையே வந்துவிட்டது. அம்மாவுக்கு இந்த வாரம் முழுக்க மூட்டுவலி, ராத்திரியில் எழுந்து எழுந்து தைலம் தேய்த்துவிட வேண்டியிருந்தது. இன்றுதான் பேனாவை எடுக்க நேரம் கிடைத்தது. உன் பெண் நல்ல மார்க் வாங்கியதில் அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். ஊருக்கு வரும்போது பாவாடை தாவணி எடுத்துத் தரணும் என்று இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

உன் தங்கை மகனின் ஆட்டிசத்தைப் பற்றி எழுதியிருந்ததை மூன்று தடவை படித்தேன். நாலரை வயதுக் குழந்தைக்கு ‘மொழி வயது 18 மாதம்’, அதாவது பேச்சு ஒன்றரை வயதுக் குழந்தை அளவில்தான் இருக்கிறது என்று ரிப்போர்ட்டில் போட்டிருக்கிறார்கள், அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை என்கிறாய். அந்த எண் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எதை அளந்தார்கள், எந்த வார்த்தையில் கேட்டார்கள், யார் கூட இருந்தார்கள் என்று தெரியாமல் அதைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டாம் என்று சொல்.

காசிமேட்டிலிருந்து ஒரு பையன் என்னிடம் பேச்சுப் பயிற்சிக்கு வருகிறான். ஐந்து வயது. அப்பா விசைப்படகில் போகிறவர், அம்மா மீன் விற்கிறார். வேறோர் இடத்தில் கொடுத்த ரிப்போர்ட்டோடுதான் வந்தார்கள். ‘தானாகப் பேசுவதில்லை, கேட்டதையே திருப்பிச் சொல்கிறான், படம் பார்த்துப் பெயர் சொல்வது 20-க்கு 4’ என்று எழுதியிருந்தது. அம்மாவிடம் உட்கார்ந்து பேசியபோதுதான் விஷயம் தெரிந்தது. ரூபாய் நோட்டுப் படத்தைக் காட்டியதும் பையன் ‘துட்டு’ என்றிருக்கிறான். மார்க் இல்லை. நாற்காலியில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கும் படத்துக்கு ‘குந்து’. அதற்கும் இல்லை. எங்கள் பக்கத்து வீடுகளில் துட்டும் குந்துவதும்தானே புழங்குகிற பேச்சு! ‘நாங்க அப்படித்தான் மேடம் பேசுவோம்’ என்று அந்த அறையில் சொல்ல அம்மாவுக்குக் கூச்சமாக இருந்ததாம். அதைக் கேட்டு எனக்கு மனசே ஆறவில்லை.

அப்புறம் அவர்கள் வீட்டுக்கே போனேன். மதிய நேரம். பையன் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு குடத்தருகே போனான். அந்தக் கையை டம்ளரின் மேல் வைத்துவிட்டு, ‘தண்ணி வேணுமா?’ என்றான். ‘பாருங்க மேடம், தனக்கு வேணும்னு சொல்லத் தெரியாம நம்மளயே கேக்குறான்’ என்றார் அம்மா. அவன் கேட்கவில்லை, சொல்கிறான். தண்ணீர் கொடுக்கும்போதெல்லாம் அவன் காதில் விழுந்த வாக்கியம் அதுதான். அதை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டு தன் தாகத்துக்குப் பயன்படுத்துகிறான். இதற்குத்தான் எக்கோலேலியா என்று பேர். 1943-ல் லியோ கானர் என்ற குழந்தை மனநல மருத்துவர் 11 குழந்தைகளை வைத்து ஆட்டிசத்தைப் பற்றி எழுதிய முதல் கட்டுரையிலேயே இது இருக்கிறது. ‘நான்’ வர வேண்டிய இடத்தில் ‘நீ’ என்று அந்தக் குழந்தைகள் சொன்னதையும் அவர் குறித்திருக்கிறார். தமிழில் நானும் நீயும் இல்லாமலே வாக்கியம் ஓடிவிடுமே, அதனால் நம் குழந்தைகளிடம் இது வினைச்சொல்லின் வாலில் ஒளிந்துகொள்கிறது. வேணும் என்பது வேணுமா ஆகிறது, தூக்கு என்பது தூக்கட்டுமா ஆகிறது. கவனிக்காதவர்களுக்கு வெறும் கிளிப்பேச்சாகத்தான் தெரியும். அது வெறும் எதிரொலி இல்லை, கேட்கவும், ‘ஆமாம்’ சொல்லவும், தன் முறைக்குப் பேசவும் குழந்தைகள் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்று பேரி பிரிசன்ட் போன்ற பேச்சு மொழி நிபுணர்கள் 1980-களிலேயே காட்டிவிட்டார்கள்.

சமூகத் திறன் என்பதையும் அங்கேதான் பார்த்தேன். அம்மா அன்னக்கூடையில் மீன்களைப் பிரித்துப் போடப் போட, பையன் ‘சங்கரா, வவ்வாலு, காரப்பொடி’ என்று ஒன்றுவிடாமல் சொன்னான். ஆனால் ஒரு தடவைகூட அம்மா முகத்தைப் பார்க்கவில்லை. பெயர் தெரியும், யாருக்காகவும் சொல்லவில்லை. மூன்றாவது தடவை நான் போயிருந்த அன்று, கூடையில் உயிரோடு ஒரு நண்டு நகர்ந்தது. அவன் நண்டைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், மறுபடி நண்டைப் பார்த்து விரலை நீட்டினான். வாயைத் திறக்கவே இல்லை. எடுத்துத் தா என்று நீட்டுகிற விரல் வேறு, ‘இதைப் பாரேன்’ என்று நீட்டுகிற விரல் வேறு. ஜாயின்ட் அட்டென்ஷன் என்று நாங்கள் சொல்வது இந்த இரண்டாவதைத்தான். பத்துப் புது வார்த்தையைவிட அந்த விரலை நான் பெரிதாக எடுத்துக்கொண்டேன். அம்மாவிடம் சொன்னபோது அவர் அழுதுவிட்டார்.

இதையெல்லாம் படித்துவிட்டு ரிப்போர்ட்டே வேண்டாம் என்று உன் தங்கை நினைத்துவிடக் கூடாது. ஊனச் சான்றிதழுக்கு ஐஎஸ்ஏஏ வேண்டும், ஆட்டிசத்தை மதிப்பிடும் இந்திய அளவுகோல் அது. 40 கேள்விகள், மொத்தம் 70 அல்லது அதற்கு மேல் வந்தால் ஆட்டிசம் என்று கணக்கு. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இருப்பதால் அந்தச் சான்றிதழ் அவனுக்கு நாளைக்கு உதவும். ஆனால் ஆட்டிசம் எவ்வளவு என்பதைத்தான் அது சொல்லும். அவன் எதற்காகப் பேசுகிறான், யாரிடம் பேசுகிறான் என்பதற்கு வேறு ஆள் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

காது பரிசோதனை செய்தார்களா? இல்லையென்றால் முதலில் அது. ‘எல்லாம் புரியுது, பேச்சுத்தான் இல்ல’ என்று எழுதியிருக்கிறாய். அதைச் சோதித்துப் பார்க்கணும். செருப்பை எடு என்று சொல்லும்போது அவள் வாசலைப் பார்க்கிறாளா, கையில் பையை எடுத்துவிட்டாளா? அப்படியானால் அவன் வார்த்தையைக் கேட்டு எடுக்கவில்லை, அவளைப் பார்த்து எடுக்கிறான். அதுவும் கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் மொழி வேறு. வெளியே கிளம்பாத நேரத்தில், எங்கேயும் பார்க்காமல், கை காட்டாமல் ஒருமுறை சொல்லிப் பார்க்கட்டும்.

ஒரு வாரத்துக்கு அவன் வாயிலிருந்து வருவதை அப்படியே நோட்டில் எழுதச் சொல். கார்ட்டூன் வசனமாக இருந்தாலும் விட வேண்டாம், யார் இருந்தார்கள், அப்போது என்ன நடந்தது என்பதோடு. சாப்பிடும்போதும் குளிக்கும்போதும் மொபைலில் இரண்டு இரண்டு நிமிஷம் வீடியோ எடுக்கட்டும், அவனை எதையும் ‘சொல்லு சொல்லு’ என்று கேட்காமல். அடுத்த முறை ரிப்போர்ட் எழுதுகிறவரிடம் இவற்றைக் காட்டட்டும். அதற்கு முன்னால் எனக்கு அனுப்பு. புதன்கிழமை சாயங்காலம் வீட்டில்தான் இருப்பேன், பார்த்துவிட்டு உன் தங்கையிடம் நானே போனில் பேசுகிறேன்.

உன் தோழி