பலெர்மோ வைன் சுவை வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

அங்கத்தவர்கள் எல்லோருக்கும் வணக்கம். போன பொதுக்கூட்டத்தில் எடுத்த முடிவு நினைவிருக்கும்: எல்லோரும் கேட்கிற நேரோ தாவொலா, பிரிமித்திவோ என்ற இரண்டு சிவப்புத் திராட்சை வகைகளையும் ஒரு வருடத்துக்கு ஒதுக்கிவிட்டு, இங்கே சிசிலியில் நாங்கள் வேலை செய்கிற உணவகங்களில்கூட யாரும் கேட்டு வாங்காத தென் இத்தாலியத் திராட்சை வகைகளை மட்டும் குடித்துப் பார்ப்பது. தலைவர் உட்பட சிலர் முகம் சுளித்தீர்கள். இப்போது அதே ஆட்கள்தான் "அந்தப் போத்தல் இன்னும் இருக்கா?" என்று தொலைபேசி எடுக்கிறீர்கள்.

நாப்போலியைச் சுற்றிய கம்பானியா மாநிலத்தில் தொடங்கினோம். அவெர்சா ஊர்ப் பக்கத்து அஸ்பிரீனியோ கொடியைப் பழைய முறையில் பொப்லார் மரத்தில் ஏற்றி விடுவார்கள், வெற்றிலைக் கொடி மாதிரி, ஆனால் 15 மீட்டர் வரைக்கும் போகும், அறுவடைக்கு ஒடுக்கமான நெடிய ஏணி வேண்டும். வைன் வெள்ளை, புளிப்பு பல்லைக் கூச வைக்கும். தனியாகக் குடித்தபோது யாருக்கும் பிடிக்கவில்லை. கடலை வடையும், கடலை மாவில் பொரிக்கிற இந்த ஊர்ப் பனெல்லேயும் சூடாக வந்த பிறகு போத்தல் உடனே காலி, எண்ணெயை அந்தப் புளிப்பு வெட்டிக்கொண்டு போகிறது. அதே மாலையில் கசெர்த்தா ஊர்ப் பக்கத்துப் பல்லக்ரெல்லோவும் திறந்தோம். 18ஆம் நூற்றாண்டில் பூர்போன் வம்சத்து அரசர் அங்கே சான் லெயுச்சோவில் விசிறி வடிவில் போட்ட தோட்டத்தில் இருந்த வகை, பிறகு கிட்டத்தட்ட மறைந்துபோய் 1990களில்தான் திரும்பி வந்தது. கதை பெரிது, எங்களுக்கு வந்த போத்தலில் மரப்பீப்பாய் வாசம்தான் அதைவிடப் பெரிது.

இத்தாலியின் குதிகால் பக்கத்துப் புல்யா மாநிலத்திலிருந்து இரண்டு. பொம்பீனோ நேரோ ஒரே குலையில் சில பழம் கனிந்தும் சில பழம் காயாகவும் இருக்கும், அதனால் சிவப்பு வைனைவிட ரொசாத்தோ என்கிற இளஞ்சிவப்பு வைனுக்குத்தான் அது தோது, கஸ்தெல் தெல் மொந்தே வட்டாரத்தில் அந்த ரொசாத்தோவுக்கு 2011இல் இத்தாலிய வைனின் மிக உயர்ந்த தரச்சான்றான டி.ஓ.சி.ஜி.யே கொடுத்துவிட்டார்கள். பிரிந்திசிப் பக்கத்து சுசுமனியெல்லோ இளங்கொடியில் அள்ளிக் காய்க்கும், பத்து வருடம் போனால் விளைச்சல் விழுந்துவிடும். லாபமில்லை என்று பல விவசாயிகள் பிடுங்கி எறிந்தார்கள். இன்றைக்கு அதே குறைந்த விளைச்சலைத்தான் தரத்துக்குக் காரணமாகச் சொல்லி விலை வைக்கிறார்கள். கொடுக்கலாம், நல்ல வைன்தான்.

இனி, ஆட்டிறைச்சிக் கறி மாலை. அதில் நடந்த வாக்குவாதம் படிக்கட்டு வரை கேட்டதாக மேல்மாடிக்காரர் முறைப்பாடு சொன்னார், ஆகவே பதிவு செய்வது செயலாளரின் கடமை. கறிக்குக் கனமான சிவப்புத்தான் பொருந்தும் என்பது பெரும்பாலோர் கட்சி. கலாப்ரியாவின் சிரோவிலிருந்து வந்த கல்யோப்போவைப் பார்த்தால் நிறம் வெளிறிக்கிடக்கும், மெல்லியது என்றுதான் நினைப்போம், வாயில் வைத்தால் துவர்ப்பு நாக்கைப் பிடித்துக்கொள்ளும். அதையும் கம்பானியாவின் தௌராசி ஊர் அல்யானிக்கோ என்ற கனமான சிவப்பையும் யாழ்ப்பாணத்துக் கறித்தூள் போட்ட இறைச்சியோடு குடித்தபோது உறைப்பு இரண்டு மடங்கானது, தொண்டை எரிந்தது, வைனின் பழச்சுவை எங்கே போனதென்றே தெரியவில்லை. துவர்ப்பும் கூடிய மதுச்சத்தும் மிளகாயின் எரிவை ஏற்றிவிடும், அவ்வளவுதான் விஷயம். குளிர்ப்பெட்டியில் கொஞ்ச நேரம் வைத்த விற்றோரியா ஊர் ஃப்ரப்பாத்தோவை ஊற்றினோம். துவர்ப்பு குறைவு, செம்பழ வாசம், கறிக்கு வழிவிட்டுக் கூடவே வந்தது. சிசிலியின் ஒரே டி.ஓ.சி.ஜி.யான செரசுவோலோ தி விற்றோரியாவில் நேரோ தாவொலாவுக்குத் துணையாக நிற்கிறது இதே திராட்சைதான், ஆனால் தனியாக வந்தால்தான் எங்கள் சமையலுக்கு உதவுகிறது. கனமான சிவப்புக் கட்சியினர் தோல்வியை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

கல்யோப்போ இரண்டு போத்தலில் ஒன்று நனைந்த காகித அட்டை மணத்தது. தக்கைப் பழுது. வாங்கிய கடையில் மாற்றித் தர மறுத்தார்கள், "இந்த வகையின் குணமே அப்படித்தான்" என்று ஒரு விளக்கம் வேறு. நல்ல போத்தல் பக்கத்திலேயே இருந்ததால் அது பொய் என்று எங்களுக்குத் தெரியும். கடையை மாற்றியாயிற்று.

செப்டம்பர் 4ஆம் தேதியை ஒட்டிய கிழமை வழக்கம்போலக் கூட்டம் இல்லை, பாதிப்பேர் பலெர்மோவின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவைக் கும்பிட மொந்தே பெல்லெக்ரீனோ மலை ஏறிவிடுகிறீர்கள்.

பெர்ரிக்கோனேயைப் பற்றிக் கொஞ்சம். இது மேற்குச் சிசிலியின், எங்கள் பலெர்மோ மாகாணத்தின் சொந்தத் திராட்சை, பிஞ்ஞத்தெல்லோ என்றும் பெயர். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஃபிலொக்சேரா பூச்சி வேர்களைத் தின்ற பிறகு, திரும்ப நட்டவர்கள் பலர் வேறு வகைக்கு மாறிவிட்டார்கள். இத்தனை வருடம் இங்கே தட்டுக் கழுவி, சமைத்து, பரிமாறிய எங்களில் பலருக்கு இந்தப் பெயரே தெரிந்திருக்கவில்லை. கறுத்த நிறம், மிளகு வாசம், கொஞ்சம் முரடு. கபொனாத்தா என்கிற சிசிலியின் புளிப்பும் இனிப்புமான கத்தரிக்காய்க் கூட்டோடு பரவாயில்லை, கறியோடு வேண்டாம்.

வருடக் கடைசியில் பந்தெல்லெரியாத் தீவில் சிபிப்போ திராட்சையை உலர்த்திச் செய்கிற இனிப்பு வைனான பசீத்தோ. காற்றுக்குப் பயந்து நிலத்தில் குழி பறித்துக் கொடியைக் குட்டையாக வளர்க்கிற அந்தத் தீவு முறையை 2014இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது. தொதலோடு திகட்டியது, பயத்தம் பணியாரத்தோடு அபாரம்.

கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். துப்புகிற வாளியைப் பயன்படுத்தச் சொல்லி மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன். வண்டி ஓட்டி வருகிறவர்கள் விழுங்கினால் அடுத்த முறை ஊற்ற மாட்டோம், இதில் சொந்தம் பந்தம் பார்ப்பதில்லை. வரும் வருடம் பெர்ரிக்கோனே ரொசாத்தோவும் எத்னா எரிமலைச் சரிவின் வெள்ளைத் திராட்சையான கரிக்காந்தேயும் நண்டுக்கறியோடு வைக்க யோசனை, நண்டுக்கு ஆள் இருக்கிறது, துப்புரவு செய்யத்தான் ஆள் இல்லை. சந்தா பாக்கி உள்ளவர்கள் தேர்தலுக்கு முன் கட்டிவிடுங்கள், கட்டாதவர்களுக்கு வாக்கும் இல்லை, பசீத்தோவும் இல்லை.